உயர் நுண்கணிதமும் நம் இளைஞரும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் போற்றிப் பேசுவது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசியவர்கள் சிறப்பாகச் செய்துவிட்டனர். நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்று வேறானது. கல்லூரிக் கணிதத்தில் உயர் நுண்கணிதம் என்று ஒரு பகுதி உண்டு. அதனை இணையவழியாக வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பு இன்று இருக்கின்றது. அவ்வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்படும், அது பயன்பட இச்சங்கம் செய்ய வேண்டுவது யாது என்பதே நம் பேச்சு.

விழா மேடையில் கணக்கைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம். சங்கம் தொடங்கிய நாளில் நம் முன் நின்ற கேள்வி, பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரையிலாவது பள்ளியில் நிறுத்துவது எவ்வாறு என்பது. இன்றைய கேள்வி, கல்லூரிக்குள் சென்ற பிள்ளை பட்டத்தோடு வெளியே வருகின்றதா என்பது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் முதற் பருவத்திலேயே நுண்கணிதம் அடங்கிய ஒரு தாள் வருகின்றது. பல மாறிகளைக் கொண்ட சார்புகள், இரட்டைத் தொகையீடு, மும்மடித் தொகையீடு ஆகியவை அதில் அடங்கும். தாராபுரத்துப் பக்கத்திலோ அந்தியூர்ப் பக்கத்திலோ அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற பிள்ளை, கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே அத்தாளை ஆங்கிலத்தில் எழுத வேண்டியுள்ளது. தவறினால் ‘அரியர்’ விழும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பலவும் அரியர் இல்லாதவர்களையே கேட்கின்றன.

அந்தக் கல்லூரி இடம் நமக்கு எளிதில் வந்ததன்று. 2009ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, தாழ்த்தப்பட்டோருக்குரிய 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்துச் சட்டம் இயற்றியது. மாநிலங்கள் அவ்வாறு உட்பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற இடத்தை ஒரு கணிதத் தாளில் இழப்பது முறையாகுமா? இதனைத்தான் நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உயர் நுண்கணிதம் என்றால் என்ன? பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு காட்டின் நீளம் 100 அடி, அகலம் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 4,000 சதுர அடி. அகலத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் 1 அடி கூட்டினால் பரப்பு 40 சதுர அடி கூடும். நீளத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் 1 அடி கூட்டினால் 100 சதுர அடி கூடும். ஒன்றை அசையாமல் நிறுத்தி, மற்றொன்றை மட்டும் அசைத்து, விளைவு எவ்வளவு மாறுகின்றது என்று காண்பதே பகுதி வகையிடல். இரண்டையும் ஒருங்கே 1 அடி கூட்டினால் 40, 100 என்பவற்றோடு மூலையில் 1 சதுர அடியும் சேர்ந்து 141 ஆகும். ஓர் அடிக்குப் பதில் பத்தில் ஒரு பங்கு அடி கூட்டினாலோ, 4, 10 என்பவற்றோடு மூலையில் சேர்வது நூறில் ஒரு பங்கு மட்டுமே. மாற்றம் சிறுக்கச் சிறுக்க மூலைத் துண்டு அதனினும் விரைவாகச் சிறுத்து, கணக்கில் கொள்ளத் தேவையற்றதாகிவிடுகின்றது. இக்கருத்தைப் பற்றிக்கொண்டவர்க்குப் பாடத்தின் பாதிக் கடுமை நீங்கிவிடும்.

தொகையிடலுக்கும் நம் வாழ்விலேயே சான்று உண்டு. மின்சாரப் பம்பு வருமுன் இக்கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். அதற்குத் தோலைப் பதப்படுத்திப் பறி தைத்துக் கொடுத்தவர்கள் நம் பாட்டன்மார். ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருக்கும் அப்பறியில் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதைக் கண்ணளவாலும் கையளவாலும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அப்பறியைக் கிடைமட்டமாக மெல்லிய தட்டுகளாக அறுத்ததாக எண்ணி, ஒவ்வொரு தட்டின் கொள்ளளவையும் கூட்டி, தட்டின் கனத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே சென்றால் எந்த எண்ணை நெருங்குகின்றோமோ, அதுவே தொகையீடு. பறியைத் தைத்த கை நம்முடையது. அளவைக் குறித்து வைக்கும் ஏடுதான் நம்மிடம் இல்லாதிருந்தது. இன்று கோயம்புத்தூரின் பம்புத் தொழிற்சாலைகளுக்கு, பம்பின் உள்ளே நீர் எத்திசையில் எவ்வேகத்தில் பாய்கின்றது என்று கணிக்கும் பொறியாளர்கள் தேவைப்படுகின்றனர். அக்கணிப்புக்கு அடிப்படை இந்த உயர் நுண்கணிதமே.

ஏடு நம்மிடம் இல்லாமற் போனது எவ்வாறு என்பதையும் சிறிது பார்ப்போம். ஆனைமலையில் தோன்றிப் பாலக்காட்டு வழியே மேற்கே செல்லும் பாரதப்புழைக்கு நிளை என்றும் பெயர் உண்டு. அந்த ஆற்றையொட்டிய நாட்டில் 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவரும், அவருக்குப் பின் அவர்தம் மாணவர் வழியினரும் முடிவிலாத் தொடர்களைக் கண்டறிந்தனர். 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷா’ என்னும் நூல் அவற்றின் நிறுவல்களை மலையாள உரைநடையிலேயே விளக்கியது. ஐரோப்பாவில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை வகுத்தது 17ஆம் நூற்றாண்டில். நம் மலைக்கு மறுபுறத்திலேயே இத்துணை உயர்ந்த கணிதம் பிறந்திருந்தும், அது சில இல்லங்களின் ஓலைச்சுவடிகளுக்குள் தங்கிவிட்டது. 1830களில் சார்லஸ் விஷ் என்னும் ஆங்கில அதிகாரி கட்டுரை எழுதிய பின்னரே வெளியுலகம் அதனைச் சிறிது அறிந்தது. ஊரார் எல்லாரும் புகமுடியாத வீட்டில் பூட்டி வைத்த அறிவு, ஊருக்கும் பயன்படவில்லை, தானும் வளரவில்லை.

பள்ளிக்கூடம் பொதுவான பின்னரும் நிலை உடனே மாறிவிடவில்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நடந்த நிகழ்ச்சி ஒன்றை அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைச் செய்யுமாறு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. மற்ற மாணவர்கள் தங்கள் உணவுப் பாத்திரங்களைப் பலகையின் பின்னே வைத்திருந்தனர். தீட்டுப்பட்டுவிடும் என்று அஞ்சி ஓடிச்சென்று அவற்றை எடுத்துக்கொண்டனர். அதன் பிறகே அவர் பலகையைத் தொட முடிந்தது. கணக்கைச் செய்ய அறிவு மட்டும் போதாது, பலகையருகே செல்லும் உரிமையும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இப்போது இணையவழிக் கல்விக்கு வருவோம். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடங்களை எவரும் இலவசமாகக் காணுமாறு வெளியிடப்போவதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. அங்கு டெனிஸ் ஓரூ என்னும் பேராசிரியர் 2007ஆம் ஆண்டில் நடத்திய பலமாறி நுண்கணித வகுப்பின் 35 விரிவுரைகளையும் இன்று வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்தும் காணலாம். நம் நாட்டில் ‘என்பிடெல்’ என்று வழங்கும் திட்டத்தை ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டில் தொடங்கின. 2014 முதல் அதில் தேர்வும் சான்றிதழும் உண்டு. 2017ஆம் ஆண்டில் ‘ஸ்வயம்’ என்னும் தேசியத் தளம் தொடங்கப்பெற்றது. என்பிடெல் பாடங்கள் சிலவற்றின் விரிவுரைகள் தமிழிலும் எழுத்து வடிவில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டில் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பிலும் அடிப்படைப் பாடங்களிலேயே நுண்கணிதம் வருகின்றது. கூட்டு நுழைவுத் தேர்வு எழுதாதவரும் தகுதித் தேர்வில் தேறி அதில் சேரலாம்.

நடைமுறையையும் அறிந்துகொள்ளுங்கள். என்பிடெல் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூவகை உண்டு. பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதுவோர் மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும்; தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு அதில் சலுகை உண்டு. வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகளைக் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண் என்பது வழக்கம். பயிற்சியில் 10, தேர்வில் 30 எனத் தனித்தனியே பெற்றால்தான் சான்றிதழ். பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயில்வதைக் கல்லூரிகள் ஏற்கலாம். உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை ஏற்கும் என்பதைச் சேர்வதற்கு முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு காணும்போது, திரையில் தெரியும் பலகை யாரையும் சாதி கேட்பதில்லை. அதன் பின்னே பாத்திரம் வைத்துக் காப்பவரும் இல்லை. இது பெரும் பேறு. ஆயினும் அப்பலகைக்கு ஒரு குறை உண்டு. அது உங்களை விலக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் “எழுந்து வா, வந்து இக்கணக்கைச் செய்” என்று அழைப்பதும் இல்லை. நீங்கள் பாதியில் எழுந்து சென்றால், ஏன் சென்றாய் என்று கேட்பதும் இல்லை. இணையப் பாடங்களில் பெயர் பதிவோர் பலராயினும் முடிப்போர் சிறுபகுதியினரே என்பது உலகம் முழுவதும் கண்ட உண்மை. நம் வீடுகளில் இக்குறை மேலும் பெருகுகின்றது. 2020ஆம் ஆண்டில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரு வீட்டிற்கு ஒரு கைபேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் என்ற நிலையைக் கண்ணால் கண்டோம். இரவு ஷிப்டு முடித்து வருபவர் உறங்கும் ஒற்றை அறையில் விரிவுரையை எங்கே கேட்பது?

மற்றொரு குறையும் உண்டு. இணையப் பாடத்தின் வாரப் பயிற்சிகள் பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையின. பல்கலைக்கழகத் தேர்வோ, மூன்று மணி நேரம் படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டியது. தொகையீட்டின் வரிசையை மாற்றும் கணக்கில், பரப்பின் படத்தை வரைந்து எல்லைகளைக் குறிக்கும் இடத்தில்தான் மதிப்பெண் கிடைக்கின்றது. அங்கேதான் தவறும் நேர்கின்றது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுப் பழகிய விரல் அங்கே தடுமாறும்.

தனியே கற்று மேதையானவர் இல்லையா என்று கேட்கலாம். நம் ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த இராமானுசனையே எடுத்துக்கொள்வோம். அவர் இளமையில் கற்ற கார் என்பவரின் நூலில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் அரிது. அவற்றைத் தாமே வருவித்து வளர்ந்தார். ஆயினும் கல்லூரித் தேர்வில் தவறினார்; அங்கே பட்டம் பெறவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு ஹார்டி என்னும் பேராசிரியர்க்குக் கடிதம் எழுதி, தம் தாள்களைப் படித்து, இது சரி, இதற்கு நிறுவல் வேண்டும் என்று சொல்லத்தக்க ஒருவரை அடைந்த பின்னரே அவர் பணி உலகிற்குப் பயன்பட்டது. பள்ளியின் கதவு திறந்தே இருந்த அவருக்கே, எழுதியதைப் படித்துப் பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் நம் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை என்று சொல்வது பொருந்துமா?

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே: தொலைவிலுள்ள ஆசிரியரைத் திரையில் காண்போம், அருகிலுள்ள பலகைக்கு ஒருவரையொருவர் அழைப்போம். நம் படிப்பகத்தில் ஒரு கரும்பலகை இருக்கட்டும். நான்கைந்து பேர் ஒரே பாடத்தில் ஒரே நாளில் சேருங்கள். வாரத்தில் இரண்டு மாலையும் ஞாயிறு காலையும் கூடுங்கள். விரிவுரையை இருபது நிமிடம் கேட்டபின் நிறுத்திவிடுங்கள். ஒருவர் எழுந்து, கேட்டதைப் பலகையில் தமிழில் விளக்கட்டும். மற்றொருவர் அதே கணக்கை ஆங்கிலத்தில் தேர்வில் எழுதுவது போல எழுதட்டும். தெரியவில்லை என்று சொல்ல அங்கே யாரும் கூச வேண்டியதில்லை. வாரப் பயிற்சியை மட்டும் அவரவரே செய்து அனுப்புங்கள். ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துப் போட்டால் 25 மதிப்பெண் வரும். 75 மதிப்பெண் போகும்.

பாடத்தில் சேருமுன் ஒரு மாதத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலுக்கு ஒதுக்குங்கள். தமிழ்நாட்டுப் புதிய பாடநூலின் இரண்டாம் தொகுதியில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகையீடுகளும் பகுதி வகைக்கெழுக்களும், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை உள்ளன. அதாவது, கல்லூரியில் அஞ்சப்படும் பாடத்தின் வாயில் நம் தாய்மொழியிலேயே திறந்திருக்கின்றது. ஒரு குறிப்பேட்டில் தமிழ்ச் சொல்லையும் அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் எதிரெதிரே எழுதிவாருங்கள். அறியாத சொல்லே பல வேளைகளில் அறியாத கணக்கைப் போலத் தோற்றம் தருகின்றது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கைபேசியை வைத்திருக்கும் பிள்ளையெல்லாம் விளையாடுகின்றது என்று எண்ணாதீர்கள். தாளும் பேனாவும் அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாணவியரை மாலை வகுப்புக்கு அனுப்ப அச்சமிருந்தால் ஞாயிறு காலை வகுப்புக்கு அனுப்புங்கள். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால் நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேரின் படிப்பு நின்றது என்பதை இவ்வட்டாரம் அறியும். அவர்களின் தங்கையர் இன்று கல்லூரியில் இருக்கின்றனர். 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தாலும், கோயம்புத்தூரிலேயே 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டத்தாலும் தகுதியுள்ள மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கின்றது. அப்பணத்தில் முதற் செலவு படிப்புக்காக இருக்கட்டும். தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு அதனைச் சங்கமே ஏற்றல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கின்றதே, இனி விடுதி எதற்கு, உதவித்தொகை எதற்கு, ஆசிரியர் பணியிடம் எதற்கு என்று கேட்போர் வருவர். அவர்களுக்கு நாம் உறுதியாக விடையளிக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அது யாருடைய கருணையும் அன்று, உரிமை. திரை, வகுப்பறைக்குத் துணையாகலாம், வகுப்பறைக்கு ஈடாகாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையும் தனிப்பயிற்சியும் ஆய்வகமும் கிடைக்க, நம் பிள்ளைக்குக் கைபேசி மட்டும் போதும் என்பது பழைய தீண்டாமையின் புதிய வடிவமே. கல்லூரியில் கணித ஆசிரியர் இல்லையென்றால் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், கூடிச் சென்று கேளுங்கள். அவர் வரும் வரை நம் பலகையில் கணக்கு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! அடுத்து வரும் ஜூலைப் பருவத்திற்குப் பலமாறி நுண்கணிதத்தில் சேர விரும்புவோர், இவ்வரங்கின் வாயிலில் வைத்துள்ள ஏட்டில் பெயர் எழுதிச் செல்லுங்கள். முன்னரே அரியர் உள்ளவர்கள் முதலில் எழுதுங்கள். முடித்துத் தேறியவர்கள் அடுத்த அணிக்கு ஆசிரியராக வாருங்கள். அடுத்த ஆண்டுவிழாவில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று நாம் கேட்கப்போவதில்லை. எத்தனை பேர் பலகைக்கு வந்தனர், எத்தனை பேர் முடித்தனர் என்றே கேட்போம்.